2029-க்கு முன் செலவுக் கணக்கைப் பேசுங்கள்: வேர்ல்ட் ரக்பிக்கு ஒரு திறந்த மடல்

உலக அளவில் ரக்பி விளையாட்டை நிர்வகிக்கும், டப்ளினில் இருக்கும் வேர்ல்ட் ரக்பி அமைப்பின் தலைமைக்கு, வணக்கம்.

2025 செப்டம்பர் 27 அன்று லண்டன் ட்விக்கன்ஹாமில் 81,885 பேர் திரண்டு வந்து பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தார்கள். இங்கிலாந்து 33-13 என்று கனடாவை வென்றது. அந்தக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் பெருமைப்படுவது நியாயம்தான், எனக்கும் அதில் மகிழ்ச்சி. ஆனால் தோற்ற அணி அந்த மைதானம்வரை வந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த கனடா, தயாரிப்புச் செலவில் துண்டு விழுந்ததால் பத்து லட்சம் கனடிய டாலர் வேண்டுமென்று பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது. மக்கள் கொடுத்தார்கள். அந்தப் பணத்தோடு வந்துதான் அரையிறுதியில் நியூசிலாந்தை 34-19 என்று வீழ்த்தினார்கள்.

இது புதிய கதை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். 1991 ஏப்ரலில் வேல்ஸில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பை உங்கள் அமைப்பு நடத்தியது அல்ல. ஆண்களுக்கு 1987-லேயே கோப்பை வைத்த சர்வதேச ரக்பி வாரியம் (அதுதான் உங்கள் அமைப்பின் அப்போதைய பெயர்), பெண்களுக்கு அனுமதி தரவில்லை. லண்டனின் ரிச்மண்ட் ரக்பி கிளப்பைச் சேர்ந்த டெபோரா கிரிஃபின், சூ டோரிங்டன், மேரி ஃபோர்சைத், ஆலிஸ் கூப்பர் என்ற நான்கு பெண்கள் வேலைக்கும் போய்க்கொண்டு, ஓய்வு நேரத்தில் 12 அணிகளை வரவழைத்தார்கள். டோரிங்டன் அந்த வேலைகளுக்கு நடுவில் இங்கிலாந்துக்காக ஆடவும் செய்தார்! சோவியத் அணியால் நாட்டிலிருந்து பணம் கொண்டுவர முடியவில்லை. விற்றுச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வோட்காவும் கேவியரும் பொம்மைகளும் எடுத்து வந்தார்கள், சுங்க அதிகாரிகள் பிடித்து விசாரித்தார்கள். அப்புறம் உள்ளூர்க்காரர்கள் கொடுத்த உணவு கைகொடுத்தது. கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 19-6 என்று இங்கிலாந்தை வென்றது.

1994-இல் நிலைமை இன்னும் மோசம். வாரியத்தின் அங்கீகாரம் கிடைக்காததால், அடுத்த கோப்பையை நடத்தவிருந்த நெதர்லாந்து கடைசி நேரத்தில் விலகிக்கொண்டது. ஸ்காட்லாந்துப் பெண்கள் மூன்றே மாத அவகாசத்தில் போட்டியைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். நியூசிலாந்து வரவில்லை. இங்கிலாந்து 38-23 என்று அமெரிக்காவை வென்ற அந்த இறுதி ஆட்டம் நடந்தது எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸில். 1871-இல் ஆண்களின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டமும் அதே மைதானத்தில்தான் நடந்தது. உங்கள் அமைப்பு முதன்முதலாக அங்கீகரித்தது 1998-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த போட்டியை. அதற்கு முந்தைய இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள 2009 ஆகிவிட்டது. 1991-இன் வெற்றியாளர்கள் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

சரி, அது பழையது, இப்போது காலம் மாறிவிட்டது என்பீர்கள். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. அதே டெபோரா கிரிஃபின் 2025-இல் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். ஆனால் அந்தக் கோப்பையில் இங்கிலாந்து 92-3 என்று சமோவாவை வென்றதே, அந்த ஆட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் முழுநேர ஒப்பந்தத்தில் ஆடுபவர்கள். இன்னொரு பக்கம் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள். அந்த மூன்று புள்ளிகளுக்குச் சமோவாப் பெண்கள் துள்ளிக் குதித்ததைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது, கூடவே கோபமும் வந்தது. திறமைக் குறைவால் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளி விழாது. பயிற்சி முகாமுக்கும் பயணத்துக்கும் இழந்த சம்பளத்துக்கும் பணம் இல்லாததால் விழுகிறது.

அடுத்த கோப்பை 2029-இல் ஆஸ்திரேலியாவில். அதில் ஆடப்போகும் அணிகளில் வசதியற்றவற்றின் தயாரிப்புச் செலவை, போட்டிக்கு முந்தைய ஓர் ஆண்டுக்காவது உங்கள் அமைப்பே ஏற்க வேண்டும் என்று கேட்கிறேன். வீராங்கனைகள் வேலையை விட்டு வரும் மாதங்களுக்கான ஊதியமும் அதில் சேர வேண்டும். டிக்கெட் விற்பனை தொடங்கும் முன்பே அந்தத் தொகை எவ்வளவு, எந்த அணிக்கு எப்போது போய்ச் சேரும் என்பதை வெளிப்படையாக அறிவியுங்கள்.

அன்புடன்,
ஒரு ரக்பி ரசிகர்