வெண்கலக் குரல் என்றே போடலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் ஆங்கிலச் சொல் பகுதியில் 'ஸ்டென்டோரியன்' என்ற சொல்லுக்குக் 'காதைப் பிளக்கும் இரைச்சல்' என்று பொருள் போட்டிருந்தீர்கள். என்னிடம் டியூஷனுக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பகுதியை வாராவாரம் வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒருத்தி, "அப்ப கொழுந்து லொறி ஹோர்ன் சத்தத்தையும் இப்படிச் சொல்லலாமா சேர்?" என்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஹோர்ன் சத்தத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. அது மனிதக் குரலுக்கு உரிய சொல். ஒரு மனிதனின் பெயரிலிருந்தே பிறந்தது. ஹோமரின் இலியட் காவியத்தில், 5ஆம் பாகத்தில், ட்ரோய் போர்க்களத்தில் கிரேக்கப் படை பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது ஹேரா என்ற தெய்வம் ஸ்டென்டோர் என்பவனின் உருவத்தில் வந்து நின்று, 'வெட்கமாக இல்லையா' என்று படையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள். ஸ்டென்டோர் ஒருவன் கூப்பிட்டால் 50 பேர் சேர்ந்து கூப்பிட்ட மாதிரி இருக்குமாம். அவ்வளவு பெரிய காவியத்தில் அவன் பெயர் வருவது அந்த ஒரே இடத்தில்தான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நகரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று பேச வந்த அரிஸ்டோட்டில், ஸ்டென்டோரின் குரல் இல்லாதவன் அத்தனை பெருங்கூட்டத்துக்கு எப்படிக் கட்டியம் கூறுவான் என்று கேட்கிறார். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது.

என்னைச் சிலிர்க்க வைத்தது வேறு ஒன்று. ஹோமர் அவனுக்குக் கொடுத்த அடைமொழி 'கல்கெயோபோனோஸ்'. 'கல்கோஸ்' என்றால் செம்பு, வெண்கலம். 'போனே' என்றால் குரல். நாம் கையில் வைத்திருக்கும் டெலிபோனில் இருப்பதும் அதே சொல்தான். ஆக, வெண்கலக் குரலோன்! சீர்காழி கோவிந்தராஜனை நாம் எப்படி அழைத்தோமோ, அதே பெயரைக் கிரேக்கக் கவிஞனும் வைத்திருக்கிறான். இப்படி அச்சாகப் பொருந்தும் சொல் நம் வாயிலேயே இருக்கும்போது, 'இரைச்சல்' எதற்கு ஐயா?

அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். மைக் கிடையாது. பனி இறங்கி, பெட்ரோமக்ஸ் வெளிச்சத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தப்பு அடிப்பவர்கள் தோலை நெருப்பில் காய்ச்ச ஒதுங்கிய நேரத்தில், தூதன் வேஷம் கட்டிய பெரியவர் ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வரி எடுப்பார். பணிய லயத்தில், அதாவது கீழே இருந்த தொழிலாளர் வரிசை வீட்டில், காய்ச்சலோடு படுத்திருந்த என் பாட்டி, மறுநாள் காலையில் அந்த வரியை ஒரு சொல் விடாமல் சொன்னார். அந்தத் தூதன் வேஷப் பெரியவர் அடித்தொண்டையில் கத்தவில்லை. கோயில் மணி மாதிரி கணீரென்று வந்தது, எழுத்து எழுத்தாகக் கேட்டது. இரைச்சலில் சொல் கேட்காது. அந்தக் குரலில் சொல்தான் முதலில் கேட்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட பழைய கங்காணிமாரிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள்.

கேள்வி கேட்ட பிள்ளையின் கொப்பியில், நீங்கள் போட்ட பொருளுக்குப் பக்கத்தில் 'வெண்கலக் குரலுள்ள' என்று பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகளின் கொப்பிகளுக்காக அடுத்த வார இதழில் ஒரு வரி திருத்தம் போடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.