வீரபாண்டியன் மனைவிக்கு ஒரு முழுப் பதிப்பு வேணும்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சரித்திர நாவல் போடுற தமிழ்ப் பதிப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

2022ல பொன்னியின் செல்வன் படம் வந்தப்புறம் சோழர் கதைக்குன்னே புதுசா ஒரு கூட்டம் கிளம்பிருக்கு, காலேஜ் பசங்க குண்டு குண்டா அஞ்சு பாகத்தையும் தூக்கிட்டுப் போறத பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா அதே பசங்ககிட்ட "வீரபாண்டியன் மனைவி"ங்கற சரித்திர நாவல எழுதுன அரு. ராமநாதன் படிச்சிருக்கீங்களான்னு கேட்டா யாருங்க அவருன்னு திருப்பிக் கேக்கறாங்க. நாவல் பேர மட்டும் சொன்னா, ஓ ஆதித்த கரிகாலன் யாரோட தலைய வெட்டுனானோ அந்த வீரபாண்டியனாங்கறாங்க, சிலர் கட்டபொம்மன்னு நெனச்சுக்கறாங்க. இது ரெண்டுமே இல்ல. ஆதித்த கரிகாலன் காலத்துக்கு ரெண்டு நூற்றாண்டு தள்ளி, 1178ல பட்டத்துக்கு வந்த மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துல இருந்த வீரபாண்டியன் இவன்.

அந்தக் காலத்தையே யோசிச்சுப் பாருங்க. மதுரை சிம்மாசனத்துக்குப் பாண்டியங்களே ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்கறாங்க, ஒரு பக்கம் சோழன் படை, இன்னொரு பக்கம் ஈழத்துலேருந்து அங்கத்த ராஜா பராக்கிரமபாகு அனுப்புன படை, அப்பன் காலத்துல ஆரம்பிச்ச சண்டை பிள்ளை காலத்துலயும் ஓயல. கடைசியில நெட்டூர்ல வீரபாண்டியன் தோத்துப் போறான். குலோத்துங்கன் தன்னோட கல்வெட்டுல "பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய"ன்னு போட்டுக்கறான். ராஜாவோட வெற்றிகளப் பாடற அந்தக் கல்வெட்டு வரிகளுக்கு மெய்க்கீர்த்தின்னு பேரு, அதுல பாண்டியனோட மனைவிய வேளம் ஏத்துனதாவும் வருது. வேளம்னா சிறைபிடிச்ச பொண்ணுங்கள கொண்டு போய் வெக்கற அரண்மனைப் பகுதி. அவ பேர் என்ன, அங்க என்ன ஆனா, யார நெனச்சு அழுதா, எதுவும் கல்லுல கிடையாது. ஜெயிச்சவன் பெருமைக்கு ஒரு வரி, அவ்ளோதான்.

இந்த ஒரு வரியில நின்ன பொண்ணத்தான் ராமநாதன் தலைப்புலயே தூக்கி வெச்சாரு. சரித்திர நாவல்னா ராஜா பேரோ வாள் பேரோ இல்ல நதி பேரோ வெக்கற பழக்கத்துல இவரு தோத்தவன் பொண்டாட்டிக்கு எடம் குடுத்தாரு, எனக்கு அவர் மேல மரியாதை வந்தது அங்கதான். காதல், ஒளிஞ்சு திரியறது, வேஷம், சதி எல்லாம் இருக்கு, ராத்திரி பூரா கீழ வெக்க முடியாது. ஆனா அதுக்கு நடுவுல ஜனநாதன் கச்சிராயன்னு ஒரு ஆளு வர்றான் பாருங்க, அவன் வாள விட மூளையத்தான் நம்புவான், அரசு எதுக்கு போர் எதுக்குன்னு அவன் பேச ஆரம்பிச்சா நாம சாஞ்சு படிச்சிட்டு இருந்தவங்க நிமிந்து உக்காந்துருவோம். தமிழ் சரித்திர நாவல்கள்ல இப்படி யோசிக்கற பாத்திரம் ரொம்பக் கம்மி, என்ன கேட்டா வந்தியத்தேவன் பக்கத்துலயே உக்கார வெக்கலாம்.

எழுதுனவரு காரைக்குடி பக்கம் கண்டனூர்க்காரர், 1924ல பொறந்தவரு. 1947ல, இருபத்து மூணு வயசுல, "காதல்"னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு, இந்தக் கதையும் அதுலதான் தொடரா வந்துச்சு. பத்திரிகையோட அந்தப் பேர பாத்தே கனமா படிக்கறவங்க பல பேர் இந்தப் பக்கம் வராம போயிட்டாங்களோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். பிரேமா பிரசுரம் அவர் தொடங்குனது, சிந்தனையாளர்கள் பத்தின சின்னச் சின்னப் புத்தகங்களும் விக்கிரமாதித்தன் கதையும் அங்கேருந்து எத்தன வீட்டுக்குப் போயிருக்கும்! டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேத்துன ராஜராஜ சோழன் நாடகமும் அவர் எழுதுனதுதான், அதுதான் 1973ல சிவாஜி நடிச்சு தமிழோட முதல் சினிமாஸ்கோப் படமா வந்துச்சு. அடுத்த வருஷமே, அம்பது வயசுல போய்ச் சேந்துட்டாரு. 2024ல அவருக்கு நூறு வயசு, என் கண்ணுல ஒரு கூட்டமோ மலரோ படல, அது இன்னும் வலிக்குது.

கடையில புத்தகம் கிடைக்காதுன்னு நான் சொல்ல வரல. வெறும் கதையா மட்டும் போட்டா புதுசா வர்றவனுக்கு இவன் எந்தப் பாண்டியன்னே புரியாதுங்கறதுதான் என் கவலை. முன்னாடி ஒரு இருபது பக்கம் ராமநாதன் வாழ்க்கை, பாண்டிய வம்சத்துல யாரு யாருக்கு என்ன முறைன்னு ஒரு பட்டியல், மதுரை நெட்டூர் ஈழம் எல்லாம் தெரியற மாதிரி ஒரு மேப், கல்வெட்டு வரிகள் அப்படியே உரையோட. "முடித்தலை கொண்ட"ங்கறதுக்குத் தலைய வெட்டுனதா, முடி சூடுன தலைய காலடியில பணிய வெச்சதான்னு ஒரு கேள்வி இருக்கு, அதையும் தெரிஞ்சவங்களக் கொண்டு எழுத வைங்க. உரிமை யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட முறையா பேசிப் பண்ணுங்க.

எங்க பெரியப்பா வெச்சிருந்த பழைய பிரதியில கடைசிப் பக்கங்கள் கிழிஞ்சு போயிருந்துச்சு, முடிவு தெரிய நான் மூணு வருஷம் காத்திருந்தேன். பழைய காதல் இதழ்கள் இன்னும் சில பேர் பரண்ல கண்டிப்பா இருக்கும், செல்லு அரிக்கறதுக்குள்ள தயவுசெஞ்சு தேட ஆரம்பிங்க.