ஸ்பின்ட்ரானிக்ஸ் செய்தியில் வெப்பநிலையைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த ஸ்பின்ட்ரானிக்ஸ் கட்டுரையைப் படித்தேன். எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு அதன் காந்தத் தன்மையான ஸ்பின்னையும் பயன்படுத்தும் இத்துறையைத் தமிழில் எழுத முன்வந்தமைக்கு நன்றி. ஆயினும், உலோகத்தில் நடந்தேறியதையும் சிலிக்கான் போன்ற குறைகடத்தியில் இன்னும் கைகூடாததையும் ஒன்றாகக் குழைத்து, சிலிக்கானுக்கு விடை கொடுக்கும் காலம் வந்துவிட்டதாகக் கட்டுரை முடிந்திருந்தது. பெங்களூரில், நானோ அளவிலான காந்தச் சில்லுகளின் மின்தடையை அளக்கும் ஆய்வகமொன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவினரும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பர்க் குழுவினரும், சில நானோமீட்டர் தடிமனே உள்ள இரும்பு, குரோமியப் படலங்களை மாறி மாறி அடுக்கி, அடுத்தடுத்த இரும்புப் படலங்களின் காந்தத் திசை எதிரெதிராக இருக்கையில் மின்தடை கூடுவதையும், வெளிக்காந்தப் புலத்தால் அவை ஒரே திசைக்குத் திரும்பியதும் குறைவதையும் கண்டனர். ஃபெர்ட் குழுவின் அடுக்கில் மின்தடை ஏறத்தாழப் பாதியானது. ஆனால் அது திரவ ஹீலியக் குளிரான 4.2 கெல்வினில். அறை வெப்பநிலையில் வேலை செய்யும், பதிவான தகவலைப் படிக்கும் முனையாக இதை ஐ.பி.எம். 1997இல் ஹார்டு டிஸ்க்கில் பொருத்தியது. எங்கள் ஊர் எஸ்.பி. ரோட்டில் எடைக்குப் போடும் பழைய டிஸ்க்குகளுக்குள்ளும் ஸ்பின்ட்ரானிக்ஸ் இருக்கிறது.

குறைகடத்தியின் சங்கதி வேறு. ஸ்பின்னின் திசையைத் திருப்பி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பின் டிரான்சிஸ்டர் என்ற யோசனையை சுப்ரியோ தத்தாவும் பிஸ்வஜித் தாஸும் 1990இலேயே முன்வைத்தனர். ஆனால் ஸ்பின்னைக் குறைகடத்திக்குள் செலுத்தக் காந்த உலோகத்தை அதோடு நேரடியாக ஒட்டினால், குறைகடத்தியின் மின்தடை உலோகத்தினுடையதைவிடப் பன்மடங்கு பெரிதாக இருப்பதாலும், அந்தத் தடை இரு ஸ்பின்களுக்கும் ஒன்றாகவே இருப்பதாலும், மின்னோட்டம் போய்ச் சேரும். ஸ்பின் வேறுபாடு மட்டும் ஏறக்குறைய அழிந்துவிடும். இடையே மெல்லிய மின்காப்புப் படலம் வைத்து, அதை எலக்ட்ரான்கள் ஊடுருவச் செய்வது ஒரு வழி. மாங்கனீசு கலந்த காலியம் ஆர்சனைடு போன்ற காந்தக் குறைகடத்தியையே பயன்படுத்தலாமே என்றால், சுமார் 200 கெல்வினுக்குக் கீழேதான் அது காந்தமாக இருக்கிறது; அதாவது உறைபனியைவிட 70 டிகிரிக்கும் மேல் குளிர வேண்டும்.

அளப்பதும் எளிதன்று. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை நுண்நோக்கியின் கீழ் ஒட்டி, இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, மற்ற இரண்டில் மின்னழுத்தம் பார்ப்போம். பிப்ரவரியின் வறண்ட காற்றில், உடலில் சேரும் நிலைமின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் பட்டையை மணிக்கட்டில் கட்ட மறந்த ஒரே ஒரு முறை, பல வாரம் உழைத்துச் செய்த சில்லு ஒன்று என் விரல் பட்டதும் பொசுங்கியது. அதைவிடச் சங்கடமானது, ஒருமுறை ஸ்பின்னுடையது என்று நாங்கள் கொண்டாடிய குறிகை (சிக்னல்) பிறகு காந்தத் தொடுமுனையின் சொந்த மின்தடை மாற்றம் என்று தெரிந்தது. ஸ்பின்னுக்குச் செங்குத்தாகக் காந்தப் புலம் வைத்தால், குறைகடத்திக்குள் ஓடும் ஸ்பின்கள் சுழன்று திசை கலைந்து குறிகை மங்க வேண்டும். எங்களுடையது அசையவே இல்லை.

ஆகவே, இத்துறைச் செய்திகளை வெளியிடும்போது பொருள் உலோகமா குறைகடத்தியா, எந்த வெப்பநிலையில் அளந்தார்கள், இந்தச் செங்குத்துப் புலச் சோதனையைச் செய்தார்களா என்ற மூன்றையும் ஒரு வரியிலாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு