போஸ்ட்டாக்குகளை வேலைக்கு எடுக்கும் இயற்பியல் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, துறைத் தலைவர்களே,

வணக்கம். பிஎச்.டி. முடித்து ஏழு வருடம் ஆகிறது, இது என் மூன்றாவது போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிறகு கான்ட்ராக்ட்டில் செய்யும் தற்காலிக ஆய்வு வேலை. சம்பளம் பற்றியும் நிரந்தர வேலை பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது, அதெல்லாம் இன்னொரு நாள். இன்று கேட்பது ஒன்றுதான்: எங்கள் கான்ட்ராக்ட் நீளுமா நீளாதா என்பதை முன்கூட்டியே, எழுத்தில் சொல்லுங்கள்.

இரண்டு வருட வேலை என்று எடுக்கிறீர்கள். செப்டம்பரில் சேர்கிறோம் என்று வையுங்கள். அடுத்த செப்டம்பரிலேயே வேலைத் தேடல் சீசன் ஆரம்பித்துவிடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் முழுக்க அப்ளிகேஷன், ஜனவரிக்கு மேல்தான் பதில். ஆக 24 மாதக் கான்ட்ராக்ட்டில், அடுத்த வேலைக்கான கமிட்டி எங்களை எடைபோடுவது முதல் 12 மாதத்தில் செய்ததை வைத்துத்தான். அந்த 12 மாதத்தில் புது ஊர், புது விசா, புது குழுவின் கணினி நிரல், யாரோ பாதியில் விட்டுப்போன கருவி, எல்லாம் அடங்கும்.

என் வேலை மிகக் குறைந்த வெப்பநிலையில். சாம்பிளை 10 மில்லிகெல்வின் அளவுக்கு, அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில், குளிரவைக்கும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜ் ஒன்று போன லேபில் இருந்தது. அறை வெப்பநிலையில் லீக் டிடெக்டர் வைத்துப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். குளிர்ந்தபிறகுதான் எங்கோ கசியும். குளிர இரண்டு நாள், கசிவைப் பார்த்ததும் திரும்பச் சூடாக்க இரண்டு நாள், திறந்து, இண்டியம் என்ற மென்மையான உலோகத்தாலான ஒரு சீலை மாற்றி, மூடி, மறுபடி முதலிலிருந்து. ஐந்து மாதம் இப்படியே போனது. கடைசியில் கசிந்தது நாங்கள் யாரும் சந்தேகப்படாத ஒரு சாலிடர் இணைப்பு. அதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த ஐந்து மாதத்தை சி.வி.யில் எங்கே எழுதுவது? அந்த ஃப்ரிட்ஜில் பிறகு எடுத்த டேட்டாவில் பேப்பர் வந்தபோது நான் வேறு நாட்டில் இருந்தேன்.

அந்த லேபின் பேராசிரியரிடம் நீட்டிப்பு பற்றி நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் "பார்க்கலாம், கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) வந்துவிடும்". கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அவர் உண்மையிலேயே நம்பினார். கிராண்ட் வரவில்லை. கான்ட்ராக்ட் முடிய பதினொரு நாள் இருக்கும்போது மூன்று மாத நீட்டிப்புக் கடிதம் வந்தது. விசா அந்தக் கடிதத்தைப் பிடித்துத் தொங்குகிறது, வீட்டு ஒப்பந்தம் விசாவைப் பிடித்து, பிள்ளையின் பள்ளி வீட்டு முகவரியைப் பிடித்து. அந்த மூன்று மாதமும் நான் இயற்பியல் செய்தேன் என்று சொன்னால் பொய்.

இதையெல்லாம் மாற்ற முடியாது, ஃபண்டிங் உங்கள் கையில் இல்லை என்பீர்கள். பணம் உங்கள் கையில் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். தகவல் உங்கள் கையில்தானே இருக்கிறது? துகள் இயற்பியல் கோட்பாட்டில், வேலை தருவதாகச் சொன்ன யாரையும் ஜனவரி 7-க்கு முன் பதில் சொல்ல நெருக்கக் கூடாது என்று பல குழுக்கள் தங்களுக்குள் பேசிவைத்து வருடக்கணக்கில் நடத்தின. அமெரிக்க வானியலில் அதே மாதிரி பிப்ரவரி 15. சட்டம் போட்டு வந்ததில்லை, பேராசிரியர்கள் சேர்ந்து முடிவெடுத்ததால் வந்தது. அப்புறம் இது மட்டும் ஏன் முடியாது?

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஈர்ப்பலை ஆய்வகமான லைகோவில் ஈர்ப்பலை வந்து சேர்ந்தபோது அந்த சிக்னலை முதலில் கவனித்தவர் ஜெர்மனியின் ஹானோவரில் இருந்த மார்கோ டிராகோ, ஒரு போஸ்ட்டாக். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. டேட்டா வரும் நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும். அப்படி உட்கார்ந்திருப்பவரின் மனது, அடுத்த மாதம் எந்த நாட்டில் இருப்போம் என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

கான்ட்ராக்ட் முடிய ஒன்பது மாதம் இருக்கும்போதே உண்டு, இல்லை, அல்லது இந்தத் தேதியில் தெரியும் என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "இல்லை" என்பதுகூடப் போதும், சரி என்று அந்த சீசனிலேயே தேட ஆரம்பித்துவிடுவோம். "பார்க்கலாம்" என்பதை வைத்து எங்களால் எதுவும் செய்ய முடியாது. விளம்பரத்தில் "நீட்டிக்க வாய்ப்புண்டு" என்று போட்டால் அது எந்த கிராண்ட்டைப் பொறுத்தது, முடிவு எப்போது வரும் என்பதை அடுத்த வரியிலேயே போடுங்கள். முடிந்தால் முதலிலேயே மூன்று வருடமாகக் கொடுங்கள். ரெகமெண்டேஷன் லெட்டர் எழுதும்போது, ஐந்து மாதம் கசிவு தேடியவர் இவர்தான் என்று ஒரு வரி சேருங்கள். அதை எங்களால் நிரூபிக்க முடியாது, நீங்கள் எழுதினால்தான் கமிட்டிக்குத் தெரியும்.

என் இப்போதைய கான்ட்ராக்ட்டுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அடுத்த வாரம் என் பேராசிரியரிடம் இதே கேள்வியைக் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு போஸ்ட்டாக்