பழைய பாகம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டி பழுதுபார்க்கும் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் உரிமம் கட்டாயம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பாதி சம்மதம், பாதி தயக்கம்.

ஒருமுறை என் காருக்கு முன்சக்கர பிரேக் பேடு மாற்றியதாகப் பில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் கிறீச்சென்று சத்தம். வேறொரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். தேய்ந்து இரும்புத் தகடு தெரிகிற அதே பழைய பேடு! துடைத்து மாட்டியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையைத் தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். முன்பே கேட்டுவைத்தால் கழற்றிய பாகத்தையும் காட்டவோ கொடுக்கவோ வேண்டும். எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

தயக்கம் எதற்கு என்றால், என்னை ஏமாற்றிய இடத்தின் சுவரில் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. பழைய பேடைக் காட்டிக்கொடுத்தவர் சிறுவயதிலேயே ஸ்பேனர் பிடித்தவர். சத்தத்தை வைத்தே பேரிங் கோளாறைச் சொல்வார். எழுத்துத் தேர்வு வைத்தால் யார் தேறுவார், யார் கடையை மூடுவார்?

அதனால் உரிமம் பெயர்ப்பலகைக்கு வேண்டாம், வேலைக்கு இருக்கட்டும். பஞ்சர், ஆயில் மாற்றுவதையெல்லாம் விட்டுவிடலாம். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் மூன்றையும் விடக்கூடாது. பிரேக் ஆயிலையே பாருங்கள். டாட் 4 வகை, புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரி தாங்கினால் போதும் என்கிறது அதே விதி. மூடியைத் திறந்தே வைத்திருந்த டப்பாவிலிருந்து ஊற்றினால், நீண்ட இறக்கத்தில் ஆயில் சூடேறிக் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இது தெரியுமா என்று செய்முறையில், அவரவர் மொழியில் சோதித்தால் போதும்.

மின்சார வண்டிக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆரஞ்சு நிற கேபிளில் ஓடுவது பெரும்பாலும் 400 வோல்ட் அளவு. இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கெப்பாசிட்டரின் மின்னூட்டம் இறங்கும்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் தொட வேண்டும். பழைய பெட்ரோல் வண்டியின் கார்பரேட்டரில் தப்பு செய்து பழகலாம். இங்கே தப்பு செய்தால் பழக ஆள் இருக்காது.

அப்புறம் ஒன்று. சிறிய பட்டறைக்குச் சர்வீஸ் கையேட்டையும் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் மென்பொருளையும் தராமல் வண்டிக் கம்பெனிகள் பூட்டி வைத்துக்கொண்டால், உரிமம் வாங்கியவரும் குத்துமதிப்பாகத்தான் வேலை பார்ப்பார். அதைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்