பழைய வண்டிக்குப் புது கெய்சர்

காட்பாடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள கண்ணு,

நீங்க வாங்கின பழைய கேம்பர் வண்டியில (உள்ளேயே தங்கிக்கிற வீட்டு வண்டி) கெய்சர் ஒழுகுதுன்னு, அதை வெளியே இழுத்து வெச்சு நீ அனுப்பின ரெண்டு போட்டோவையும் பெருசு பண்ணிப் பார்த்தேன். சேஃப்டி வால்வு மட்டும் சொட்டியிருந்தா புதுசே வேணாம்னு சொல்லியிருப்பேன். அந்த டேங்குக்குள்ள மேலாக கொஞ்சம் காத்து நிக்கணும். அது போயிட்டா, சூடாகிற தண்ணி விரிய இடம் இல்லாம வால்வு வழியா கசியும். ஆறவிட்டு மறுபடி காத்து பிடிக்க விட்டா நின்னுடும். உன்னுது அப்படி இல்லை. டேங்கைச் சுத்தி இருக்கிற தெர்மாகோல் அடியில ஊறி, துருத் தண்ணி ஓடின கோடு தெரியுது. டேங்கே ஓட்டை. வெல்டிங் வெச்சு அடைச்சுத் தர்றேன்னு யார் சொன்னாலும் கேக்காதே.

ரெண்டாவது போட்டோவில, டேங்குத் தண்ணியை வடிக்கிற மூடியோட நீட்டிக்கிட்டு இருக்கே ஒரு கம்பி, அது கம்பி இல்லை கண்ணு. விரல் தடிமனுக்கு இருந்த அனோடு ராடு அது. இரும்பு டேங்கை அரிக்க வேண்டிய தண்ணி முதல்ல அந்த ராடைத் தின்னும். ராடு தீர்ந்தா அடுத்தது டேங்க்தான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து போர் தண்ணியில ஒரே வருஷத்துல இப்படி நடுக்கம்பி மட்டும் மிச்சமா எத்தனையோ உருவியிருக்கேன். உங்களுக்கு முன்னாடி வண்டி வெச்சிருந்தவங்க மாத்தாம விட்டிருக்காங்க. புதுசுலயும் ராடு இருந்தா வருஷம் ஒருமுறை கழட்டிப் பாரு. முக்கால்வாசி தேஞ்சிருந்தா மாத்திடு.

ராடே வேணாம்னா அலுமினியம் டேங்க் இருக்கு. ஆட்வுட்னு வந்துக்கிட்டு இருந்தது அதுதான்; 2014-ல டொமெடிக்னு இன்னொரு கம்பெனி அவங்களை வாங்கிட்டாங்க. ஆனா அதோட முகப்பு உன்னுதை விட அகலம். செவுத்தை அறுக்கணும். பழைய வண்டியில தகரத்துக்குப் பின்னாடி இருக்கிற கட்டை எந்த நிலைமையில இருக்கோ. அறுக்கப் போய் அது உதிர்ந்தா வேலை ரெண்டு மடங்கு ஆகும். அதனால என் யோசனை, அதே வகை, அதே அளவு. 6 கேலன்னா கிட்டத்தட்ட 23 லிட்டர், நம்ம வீட்டு கெய்சர் அளவுதான். நீங்க ரெண்டு பேருக்குத் தாராளம்.

டேங்கே இல்லாத இன்ஸ்டன்ட் வகையை மாப்பிள்ளை ஆசைப்படறார்னு சொன்னே. வீட்டுக்கு நல்லது அது. வண்டியில தண்ணியை மிச்சம் பிடிக்க, சோப்பு போடும்போது குழாயை மூடுவீங்க. மூடினா அது அணைஞ்சிடும். திறந்தா பச்சைத்தண்ணி கொஞ்சம் ஊத்திட்டுத்தான் சூடு வரும். தண்ணியையும் ரொம்ப மெல்லிசா விட முடியாது, பத்திக்காது.

கேஸ், கரண்ட் ரெண்டுலயும் ஓடறதா வாங்கு. கரண்ட் இருக்கிற இடத்துல கேஸ் மிச்சம். கரண்ட்ல தண்ணியைச் சூடாக்கற எலிமென்ட் 1440 வாட், உங்க ஊர் 120 வோல்ட்டுக்கு 12 ஆம்பியர் இழுக்கும். வண்டிக்கு வர்ற லைனே 30 ஆம்பியர்தான். ஏசி ஓடும்போது கெய்சரைக் கேஸ்ல போட்டுக்கோ. பழசு கையால பத்த வெக்கிறதா இருந்தா, புதுசுக்கு 12 வோல்ட் ஒயரும் உள்ளே ஒரு சுவிட்சும் தனியா இழுக்கணும். எலிமென்ட்டுக்கு வேற லைன், அதுக்குத் தனி பிரேக்கர்.

இனி சொல்றது மாப்பிள்ளைக்கும் சேர்த்து. விலை கம்மின்னு, வெளியில முகாமுக்குத் தொங்கவிடற கேஸ் ஹீட்டரை வண்டிக்குள்ள மாட்டற பேச்சே வேணாம். நீ மூணாவது படிக்கும்போது குடியாத்தத்துல உன் சித்தப்பா வீட்டு பாத்ரூமுக்குள்ள கேஸ் கெய்சர் மாட்டினது நான்தான். மழைக்குச் சின்ன ஜன்னலையும் சாத்தியிருந்தாங்க. குளிக்கப் போன சித்தி கூப்பிட்டும் குரல் கொடுக்கலை. தாழ்ப்பாளை உடைச்சுத் தூக்கினோம். பிழைச்சுட்டா. மறுநாளே அதைக் கழட்டினேன். இத்தனை வருஷமா உனக்குச் சொன்னதில்லை. கேஸ் கசிஞ்சா தெரியட்டும்னு அதுல வாடை சேர்க்கிறாங்க. காத்து பத்தாம எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

வண்டி கெய்சர் வெளிக்காத்தை எடுத்து வெளியிலயே புகையை விடும். அதனால முகப்புக்கும் செவுத்துக்கும் நடுவுல பியூட்டைல் டேப்பை (பசை மாதிரி ஒட்டற ரப்பர் டேப்) நாலு பக்கமும் இடைவெளி விடாம ஒட்டி, அப்புறம் திருகு. பழைய பசையை முழுசா சுரண்டிட்டு ஒட்டு. கேஸ் இணைப்பைத் தெரிஞ்ச ஆளை வெச்சுச் செய், சோப்புத் தண்ணி தடவிப் பார்க்கச் சொல்லு. கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் திருப்பிப் பார்த்து, பின்னால இருக்கிற தேதி முடிஞ்சிருந்தா அன்னைக்கே புதுசு வாங்கு.

குழாயில தண்ணி சீரா வந்த அப்புறம்தான் கரண்ட் சுவிட்ச். காலி டேங்குல எலிமென்ட் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. பனிக்காலத்துக்கு முன்னாடி டேங்கைக் காலி பண்ணிடு. இந்த வெயில் ஊர்ல நான் பார்க்காத வேலை அது, ஆனா தண்ணி உறைஞ்சா டேங்கைப் பிளந்துடும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி செவுத்துல கெய்சர் இருந்த ஓட்டையோட உயரம், அகலம், உள் ஆழம் மூணையும் டேப் வெச்சு அளந்து எனக்கு அனுப்பு. அம்மா தினமும் கேக்கறா, அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் சேர்ந்து போன் பண்ணுங்க.

உன் நைனா