எர்ன் ஏரிக்கரையிலிருந்து ஓர் ஆம்ஸ்ட்ராங்

ஃபெர்மானா, அயர்லாந்து
1622

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பாதிரியார் எழுதித் தருகிறார்.

எர்ன் ஏரி ஓரமாகக் குத்தகைக்கு நிலம் கிடைத்திருக்கிறது. கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கும் ஈரமண். ஓட்ஸ் நன்றாக வருகிறது. ராத்திரியில் ஓநாய்கள் ஊளையிடுகின்றன. மாடுகளை உள்ளே அடைத்துத் தாழ்போட்டுத்தான் படுக்கிறோம்.

சின்னவன் நம் பெயர் எப்படி வந்தது என்று கேட்டான். தாத்தா சொன்னதையே சொன்னேன். போர்க்களத்தில் ராஜாவின் குதிரை விழுந்ததாம். ஃபேர்பேர்ன் என்ற நம் முன்னோர் அவரை ஒரே கையால் தூக்கித் தன் குதிரையில் ஏற்றினாராம். அதற்குப் பரிசாக 'வலிய கை' என்ற பொருளில் ஆம்ஸ்ட்ராங் என்ற இந்தப் பெயரும், ஸ்காட்லாந்து எல்லையோரத்து லிடஸ்டேல் நிலமும் கிடைத்ததாம். "அப்புறம் ஏன் நம்மைத் துரத்தினார்கள்?" என்றான். நம் குலத்துக் கில்நாக்கி ஜானி ஆம்ஸ்ட்ராங்கின் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. ராஜாவைப் பார்க்க ஆட்களோடு போனவரை, 1530இல் கார்லன்ரிக்கில் அப்படியே மரத்தில் தொங்கவிட்டார்கள். 1603இல் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வந்தபிறகு நடந்ததெல்லாம் நாமே கண்ணால் பார்த்தது. எல்லை தாண்டி கம்பர்லாந்து மாடுகளை நம்மவர்கள் ஓட்டிவந்தது உண்மைதான். அதற்காகப் பெயரைக் கேட்டதுமே கயிற்றை எடுப்பது என்ன நியாயம் அண்ணா?

எல்லியட், ஜான்ஸ்டன், குரோசியர் வீட்டார்களும் இந்தப் பக்கம் குடியேறியிருக்கிறார்கள். என்னிஸ்கில்லன் சந்தையில் ஆம்ஸ்ட்ராங் என்று சத்தமாகவே சொல்கிறேன். வெண்ணெய் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. இது மகுவயர் குலத்தின் பூமி. அவர்களிடமிருந்து பறித்துத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒரு பெரியவர் வேலியோரம் நின்று, நான் உழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று நானும் அப்படித்தானே நின்றேன்! அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் ஏரை நிறுத்தவில்லை. பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே.

மூத்தவனை அங்கே வைத்திருக்காதீர்கள். போர்ட்பாட்ரிக்கில் படகேறினால், காற்று சரியாக இருந்தால் ஒரே பகலில் டொனகடீ வந்துவிடலாம். பக்கத்து நிலத்துக்கு நிலக்காரரிடம் பேசி வைக்கிறேன். கரையேறும்வரை வழியில் யாரிடமும் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் தம்பி